கதவுத் தாழும் வேட்டைத் துப்பாக்கியும்



1907ஆம் ஆண்டில், இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பகுதியின் சம்பாவத் என்னும் ஊரில் ஒரு பெண்புலி சுட்டு வீழ்த்தப்பட்டது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது 436 மனித உயிர்களைக் கவர்ந்தது என்று, அதனை வீழ்த்திய ஜிம் கார்பெட் பிற்காலத்தில் எழுதினார். அந்த வேட்டையின் இறுதிக் கட்டத்தைச் சற்றே கண்முன் கொண்டுவாருங்கள். கார்பெட் கொண்டுவந்திருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்துவிட்டன. காயமுற்ற புலி சினத்தோடு எதிரே நிற்கிறது. அவர் ஓடிச்சென்று, உடன்வந்த தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். புலியை நெருங்கியபின் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தால், குழலின் பின்வாய்க்கும் அதனை மூடும் பகுதிக்கும் நடுவே, ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி தெரிகிறது! சுட்டால் வெடித்துத் தம் கண்ணையே பறித்துவிடுமோ என்ற ஐயம். வேறு வழியில்லை. புலியின் திறந்த வாய்க்குக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை, பாதத்தில் பட்டது. முன்பே பட்டிருந்த காயங்களால் உயிர் போகும் நிலையில் இருந்ததாலேயே புலி சாய்ந்தது.

இறந்த புலியைப் பார்த்தபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் ஒடிந்திருந்தன. மேற்பல் பாதியளவும், கீழ்ப்பல் எலும்பு வரையும் போயிருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயத்தின் விளைவு. இயல்பான இரையைக் கொல்லும் ஆற்றலை இழந்ததாலேயே அந்தப் புலி மனிதரை நாடிற்று என்பது கார்பெட்டின் முடிவு.

இந்த நிகழ்ச்சியில் பிசகிய குண்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று, தாசில்தாரின் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது. அதனால் கேடு விளையவில்லை. மற்றொன்று, பல ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத யாரோ ஒருவர் சுட்டது. அந்தக் குண்டுக்கு ஈடாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அழுதன. குறி பிசகாமை என்பது வேட்டைக்காரனின் தற்பெருமை அன்று. அது அவனுடைய கடமை என்பதற்கு இதைக்காட்டிலும் சான்று வேண்டுவதில்லை.

அந்தப் புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநராக இருந்த சர் ஜான் ஹியூவெட், கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். லண்டனில் ரிக்பி நிறுவனத்தார் வேட்டைக்கென உருவாக்கியது அது. அதன் உள்ளே இருந்ததோ, ஜெர்மனியில் மௌசர் என்பவர் போருக்காக வகுத்த பொறி. பின்வாய் சரியாக மூடாத துப்பாக்கியால் உயிருக்குப் போராடிய ஒருவருக்கு, உலகிலேயே மிக உறுதியாக மூடும் துப்பாக்கி ஒன்று பரிசாகக் கிடைத்தது. அவ்வகைத் துப்பாக்கிகளின் வரலாற்றையும், அவற்றுள் எது எதற்குச் சிறந்தது என்பதையுமே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

நான் வேட்டைக்காரன் அல்லன்; முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைக் கையில் பிடித்தது கல்லூரி நாளில், தேசிய மாணவர் படையில்தான். .22 அளவுள்ள சிறு துப்பாக்கியால் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். எங்களைப் பயிற்றிய ஹவில்தார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழட்டும். அது நடுவட்டமாக இல்லாவிட்டாலும் குற்றமில்லை. விழும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். சிதறலை மாற்ற முடியாது." துல்லியத்துக்கு இதனினும் தெளிவான இலக்கணத்தை நான் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாம் முன்போலவே நிகழ வேண்டும், அதுவே துல்லியம். துப்பாக்கிப் பொறியாளர் எல்லாரும் நாடியது இந்த ஒருமையைத்தான்.

ஆங்கிலத்தில் போல்ட் என்பது நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளே. கம்பியைத் தள்ளி, அதன் பிடியைக் கீழே மடக்கினால் கதவு பூட்டிக்கொள்கிறது. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கிறது. தாழ்த் துப்பாக்கியும் அப்படியே. உருண்டையான எஃகுத் தாழ் ஒன்று குழலின் பின்னே ஒரு கூட்டுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. முன்னே தள்ளும்போது தோட்டாவைக் குழலுக்குள் செலுத்துகிறது. பிடியை மடக்கும்போது, பாத்திரத்துக்குக் காது இருப்பதுபோல் தாழின் பக்கங்களில் துருத்திக்கொண்டிருக்கும் எஃகுக் காதுகள், கூட்டில் வெட்டப்பட்ட பள்ளங்களில் சென்று பூட்டிக்கொள்கின்றன. தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கிப் பாயும் விசை முழுவதையும் தாங்குபவை அந்தக் காதுகளே. அவை எத்தனை, எங்கே இருக்கின்றன, எவ்வளவு செம்மையாகப் பொருந்துகின்றன என்பவற்றில்தான் இவ்வகைத் துப்பாக்கிகளின் வேற்றுமையெல்லாம் அடங்கியுள்ளது.

போர்க்களத்தில் பெரும்புகழ் பெற்ற முதல் தாழ்த் துப்பாக்கியை வகுத்தவர் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் என்பது வியப்பான பொருத்தம். ஜெர்மனியில் சொம்மெர்டா என்னும் ஊரில் பிறந்த டிரைசே என்பவரே அவர். அவருடைய ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்ய அரசு 1841ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. காகிதத் தோட்டாவை ஒரு நீண்ட ஊசி துளைத்துச் சென்று, நடுவிலுள்ள பொட்டு மருந்தைத் தட்டித் தீமூட்டும். 1866ஆம் ஆண்டில் கோனிக்ராட்ஸ் போர்க்களத்தில், குழல்வாய் வழியே மருந்து கெட்டித்து நின்றுகொண்டு சுட்ட ஆஸ்திரியர்களைப் பிரஷ்யர்கள் படுத்த நிலையிலேயே விரைந்து சுட்டு வென்றனர். ஆயினும் அந்தத் துப்பாக்கிக்குக் குறை ஒன்று உண்டு. பின்வாய் முற்றிலும் அடைபடாமையால் அனல்வாயு கசியும். தோட்டாவின் உறை பித்தளையால் ஆக்கப்பட்ட பிறகே அந்தக் குறை தீர்ந்தது. வெடிக்கும்போது பித்தளை சற்றே விரிந்து, குழலின் சுவரோடு ஒட்டி, வாயுவைத் தடுத்துவிடுகிறது.

இதன் பின்னர் வந்தவரே பால் மௌசர். அவர் 1838ஆம் ஆண்டில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ண்டார்ஃப் என்னும் ஊரில், துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தமையன் வில்ஹெல்முடன் சேர்ந்து உழைத்து, பித்தளைத் தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கி ஒன்றை உருவாக்கினார். ஜெர்மன் பேரரசு அதனை 1871ஆம் ஆண்டின் துப்பாக்கியாக ஏற்றது. வேறொருவராயின் அத்துடன் நிறைவு கொண்டிருப்பர். மௌசரோ இருபத்தேழு ஆண்டுகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தார். 1889ஆம் ஆண்டில் பெல்ஜியத்துக்காகச் செய்தபோது தாழின் முன்னுனியில் இரண்டு காதுகளை அமைத்தார். 1892ஆம் ஆண்டில் தோட்டாவைப் பற்றி இழுக்கும் நீண்ட கொக்கியைச் சேர்த்தார். 1893ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்காகச் செய்தபோது, தோட்டாக்கள் இருவரிசையாக மாறி மாறி அமர்ந்து கட்டைக்குள்ளேயே மறைந்திருக்கும் பெட்டியை வகுத்தார். இவையனைத்தும் திரண்டு கனிந்ததே 1898ஆம் ஆண்டின் மௌசர்.

அந்த அமைப்பை ஓர் ஆசிரியன் கரும்பலகையில் வரைந்து காட்டுவதுபோல் உறுப்புறுப்பாகப் பார்க்கலாம். தாழின் முன்னே இரண்டு பெரிய காதுகள். தோட்டாவுக்கு மிக அருகிலேயே பூட்டு விழுவதால் தாழ் நெளிவதற்கு இடமில்லை. அவை முறிந்தாலும் காப்பாற்றுவதற்காகப் பின்னே மூன்றாவது காது ஒன்று. தோட்டாவின் உறை கிழிந்து வாயு பீறிட்டால், அது சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் போவதற்குத் துளைகள். ஊசியையே பிடித்து நிறுத்தும் மூன்று நிலைக் காப்பு. எல்லாவற்றிலும் மேலாக அந்த நீண்ட கொக்கி. பெட்டியிலிருந்து தோட்டா கிளம்பும்போதே அதன் விளிம்பைக் கொக்கி பற்றிக்கொள்கிறது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா நழுவி விழாது. பதற்றத்தில் தாழைப் பாதி தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுத்தாலும், பற்றிய தோட்டா கூடவே திரும்பி வந்துவிடும். இரண்டு தோட்டாக்கள் ஒன்றையொன்று முட்டி அடைத்துக்கொள்ளமாட்டா. பாயும் புலியின் எதிரே நிற்பவனுக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கருவிகளின் ஆபத்தை மௌசர் தம் உடலாலேயே அறிந்தவர். 1901ஆம் ஆண்டில், தானே இயங்கும் துப்பாக்கி ஒன்றைச் சோதித்தபோது நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். அவர் துப்பாக்கியின் பெருமையை எதிரிகளே ஒப்புக்கொண்டனர். 1898ஆம் ஆண்டில் கியூபாவில் ஸ்பானியரின் மௌசர்களை எதிர்கொண்ட அமெரிக்கர், பின்னர் அதே முறையைப் பின்பற்றி 1903ஆம் ஆண்டின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியைச் செய்து, மௌசர் நிறுவனத்துக்கு உரிமைத் தொகையும் செலுத்தினர்.

மௌசருக்கு எதிர்முனையில் நிற்பது லீ வகுத்த அமைப்பு. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. அவருடைய தாழும் தோட்டாப் பெட்டியும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வகுக்கப்பட்ட குழலோடு இணைந்து, 1895ஆம் ஆண்டில் லீ என்ஃபீல்டு ஆயிற்று. இதில் காதுகள் தாழின் முன்னே இல்லை, பின்னே உள்ளன. தாழை ஓட்டும் தொலைவும் குறைவு. பிடியைத் தூக்கும் உயரமும் குறைவு. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி. பழகிய பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிடத்தில், 300 கஜத்தில் உள்ள இலக்கின்மீது 15 குண்டுகளைக் குறிபார்த்துச் சுட வேண்டும் என்பது அக்காலப் பயிற்சி விதி. வேகத்தில் இதற்கு இணை இல்லை.

ஆனால் பூட்டு பின்னே இருப்பதால், வெடிக்கும் கணத்தில் தாழின் முழு நீளமும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தாழ் சற்றே குறுகும். கூடு சற்றே நீளும். குழல் மேலும் கீழுமாக அதிரும். இதனால் அருகிலுள்ள இலக்கில் மௌசரின் செம்மை இதற்கு வாய்ப்பது அரிது. எனினும் இயற்கை இங்கே ஒரு விளையாட்டு விளையாடியது. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 900 கஜம், 1000 கஜம் என்ற நெடுந்தொலைவுப் போட்டிகளில், லீ என்ஃபீல்டு எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுட்டது. சற்று மெதுவாகச் செல்லும் குண்டு, குழலின் வாய் மேல்நோக்கி அதிரும் தருணத்தில் வெளியேறுகிறது. அதனால் சற்று உயர்ந்தே புறப்படுகிறது. விரைந்து செல்லும் குண்டோ அதற்கு முன்பே, வாய் தாழ்ந்திருக்கும்போதே போய்விடுகிறது. நெடுந்தொலைவில் இரண்டும் ஒரே உயரத்தில் சென்று சேர்கின்றன. குற்றமே குணமாயிற்று.

இந்த அமைப்புக்கு நம் நாட்டோடும் உறவு உண்டு. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் லீ என்ஃபீல்டு துப்பாக்கிகள் நெடுங்காலம் செய்யப்பட்டன. படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குச் செல்லலாகாது என்பதால், அதே அமைப்பில் .315 அளவுள்ள துப்பாக்கி பொதுமக்களுக்கென ஆக்கப்பட்டது. உரிமம் பெற்ற உழவர்களும் காவலர்களும் வைத்திருந்த துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று.

மூன்றாவது மரபு ஆஸ்திரியாவினுடையது. ஃபெர்டினாண்டு மான்லிஹர் என்னும் பொறியாளர், பிடியைத் தூக்கவே தேவையின்றி நேராக இழுத்து நேராகத் தள்ளும் தாழை வகுத்து, 1895ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படைக்கு அளித்தார். அவரும் ஷோனாவர் என்பவரும் சேர்ந்து வகுத்த 1903ஆம் ஆண்டின் மான்லிஹர் ஷோனாவர் வேட்டைக்காரர்களின் மனங்கவர்ந்தது. அதன் தோட்டாப் பெட்டிக்குள் ஓர் உருளை சுழன்று, ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனித் தொட்டிலில் ஏந்திக் கொணரும். அந்தத் தாழ் ஓடும் மென்மையைக் கைதேர்ந்தவர்கள் இன்றும் புகழ்கின்றனர். ஆயினும் காலம் அதற்கு இரண்டு சோதனைகளை வைத்தது. தாழின் பிடி, கூட்டின் பின்பாலத்தைப் பிளந்துகொண்டு செல்வதால், அங்கே தொலைநோக்கியைப் பொருத்துவது கடினமாயிற்று. குழலின் நுனி வரை மரக்கட்டை நீண்டு செல்லும் அழகிய அமைப்பு, மழைக்காலத்தில் மரம் ஊதிக் குழலை நெருக்கியபோது குறியை மாற்றிற்று. அழகும் துல்லியமும் எப்போதும் உடன்பிறந்தவை அல்ல.

போருக்கென்று பிறந்த இந்தப் பொறிகள் வேட்டைக்காரனின் கைக்கு எப்படி வந்தன? அங்கேதான் தனித் துப்பாக்கி வினைஞர்கள் வருகின்றனர். தையற்காரர் உடலை அளந்து சட்டை தைப்பதுபோல், ஒருவரின் கைநீளத்தையும் கழுத்தையும் கண்ணையும் அளந்து, அவருக்கென்றே ஒரு துப்பாக்கியை உருவாக்குபவர்கள் இவர்கள். இவர்களில் ஜான் ரிக்பியின் வரலாறு சுவையானது. 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராக இருந்து, லீயின் அமைப்பைக் கொண்ட .303 துப்பாக்கியின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர் அவர். ஆனால், பின்னர்த் தம் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு அவர் நிறுவனம் தேர்ந்தெடுத்தது லீயை அன்று, மௌசரை. மௌசரின் பொறிகளை ஓபர்ண்டார்ஃபிலிருந்து வரவழைத்து, லண்டனில் குழலும் கட்டையும் பொருத்தி முடித்தனர். பெருவிலங்குகளுக்கென்று 1911ஆம் ஆண்டில் .416 ரிக்பி தோட்டாவும், அடுத்த ஆண்டில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தாரின் .375 தோட்டாவும் மௌசர் வழியிலேயே பிறந்தன.

பெரிய தோட்டாதான் பெரிய விலங்கை வீழ்த்தும் என்ற எண்ணத்தை உடைத்தவர் பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை அவர் கொன்றார், அவற்றில் பெரும்பாலானவற்றை,.275 அளவுள்ள சிறிய ரிக்பி மௌசரால் கொன்றார். இறந்த யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்பதை அவர் கற்றார். அந்த எண்ணிக்கையை இன்று கேட்கும்போது நம் நெஞ்சம் வருந்துகிறது, வருந்தத்தான் வேண்டும். ஆயினும் அதில் ஒரு பாடம் இருப்பதை மறுக்க இயலாது. விலங்கை வீழ்த்துவது குண்டின் எடை மட்டுமன்று; அது சேரும் இடம்.

அமெரிக்காவிலும் இதே கதை நிகழ்ந்தது. குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தமக்கென்று திருத்தப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்றை 1909ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் கொண்டுசென்றார். நுண்மரத் தச்சராக இருந்த சீமோர் கிரிஃபின் என்பவர், படைத் துப்பாக்கிகளுக்கு அழகிய கட்டைகளைச் செதுக்கிப் பொருத்தத் தொடங்கினார். 1923ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கிரிஃபின் அண்ட் ஹவ் நிறுவனம் தோன்றியது. இரண்டு உலகப் போர்களுக்குப் பின்னும் மலிவாகக் கிடைத்த மௌசர்களைப் பட்டறைதோறும் வேட்டைத் துப்பாக்கிகளாக மாற்றினர். வாளை உருக்கி ஏர்முனை ஆக்குவதில் பாதிவழி வந்தாற்போன்ற செயல் இது.

பின்னர், வேட்டைக்கென்றே பிறந்த தாழ்த் துப்பாக்கிகள் தோன்றின. அவற்றில் இரண்டை மட்டும் ஒப்பிட்டால் போதும். இந்தத் துறையின் விவாதம் முழுவதும் விளங்கிவிடும். முதலாவது, வின்செஸ்டர் நிறுவனம் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட 70ஆம் மாதிரி. இதனை மௌசரின் நேர் வாரிசு என்னலாம். அதே நீண்ட கொக்கி. தொலைநோக்கிக்கு இடையூறின்றிக் கிடைமட்டமாகத் திரும்பும் மூன்று நிலைக் காப்பு. எளிய, உறுதியான விசையமைப்பு. கட்டையில் அசையாமல் அமரும் தட்டையான அடிப்பகுதி. செலவைக் குறைப்பதற்காக 1964ஆம் ஆண்டில் நிறுவனத்தார் கொக்கியை மாற்றிச் செய்முறையையும் எளிதாக்கினர். வேட்டைக்காரர்கள் இதனை ஏற்கவில்லை. அந்த ஆண்டுக்கு முந்திய துப்பாக்கிகளின் விலை ஏறிற்று. இறுதியில் 1990களில் பழைய கொக்கி முறை திரும்பி வந்தது.

இரண்டாவது, ரெமிங்டன் நிறுவனம் 1948ஆம் ஆண்டில் 721, 722 என்ற பெயர்களில் தொடங்கி, 1962ஆம் ஆண்டில் 700ஆம் மாதிரியாக முழுமைப்படுத்திய துப்பாக்கி. இதனை வகுத்தோருள் முதன்மையானவர் மைக் வாக்கர். துப்பாக்கியை மேசைமேல் தாங்கிவைத்துத் துல்லியத்தையே இலக்காகக் கொண்டு சுடும் போட்டிகளில் அவர் ஈடுபாடு உடையவர். இத்துப்பாக்கி மலிவாகச் செய்யவேண்டும் என்ற நோக்கத்தோடு பிறந்தது. மௌசரின் கூட்டைப் பல முகங்களாகச் செதுக்க வேண்டும். ரெமிங்டனின் கூடோ உருண்டைக் கம்பியைக் கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுத்தது. பின்னுதைப்பைத் தாங்கும் தகடுகூடத் தனி வளையமாகக் குழலுக்கும் கூட்டுக்கும் நடுவே செருகப்பட்டது. ஆனால் கடைந்தெடுத்த உருண்டையில் எல்லாப் பகுதிகளும் ஒரே அச்சில் அமைவது எளிது. தாழின் முகம் தோட்டாவின் அடியைச் சூழ்கிறது. குழல் தாழின் நுனியைச் சூழ்கிறது. கூடு குழலைச் சூழ்கிறது. ஆக மூன்று எஃகு வளையங்கள். விசையை இழுத்த பின் ஊசி சென்று தட்டுவதற்கு மௌசரில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ ஐந்து பங்கு ஆகும். இதில் மூன்று பங்குக்கு அருகில்தான். அந்தச் சிறு இடைவெளியில்கூடக் கை நடுங்கும் அன்றோ? சிக்கனத்துக்காகச் செய்தது துல்லியத்துக்கும் உதவிற்று. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை வீரர் பிரிவு தன் குறிசுடுவோருக்கு இதனையே தேர்ந்தெடுத்தது.

இதற்கு விலையும் உண்டு. ரெமிங்டனின் கொக்கி சிறியது. தாழின் முகத்துக்குள் ஒடுங்கியிருப்பது. தாழ் தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளுகிறதே அன்றிப் பற்றுவதில்லை. பிடியை மடக்கும் வேளையில்தான் கொக்கி விளிம்பைப் பிடிக்கிறது. பாதி தள்ளி இழுத்தால் தோட்டா குழலிலேயே தங்கிவிடும். அடுத்தது அதன்மேல் முட்டும். விசையமைப்பைப் பற்றியும் நெடுநாள் முறையீடுகள் எழுந்தன. விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்ற காரணத்தால், 2014ஆம் ஆண்டில் ஒருவகை விசையமைப்புக் கொண்ட 700ஆம் மாதிரித் துப்பாக்கிகளை நிறுவனமே திரும்ப அழைக்க நேர்ந்தது. மௌசருக்கும் குறை இல்லாமல் இல்லை. படைத் துப்பாக்கியில், தோட்டாக்களைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்குவதற்காகக் கூட்டின் இடப்பக்கம் வெட்டப்பட்டுள்ளது. அதனால் கூட்டின் விறைப்புக் குறைகிறது. தனித் தோட்டாவைக் குழலில் நேரே போட்டுத் தாழை மூடினால், கொக்கி அதன் விளிம்பைத் தாவிப் பிடிப்பதற்கு முரண்டும்.

மேலும் பலர் பலவாறு முயன்றனர். அமெரிக்காவில் வெதர்பி 1950களின் இறுதியில் ஒன்பது சிறு காதுகளை மூன்று வரிசையாக அமைத்தார். இரண்டு காதுத் தாழை 90 பாகை தூக்க வேண்டுமென்றால், இதனை 54 பாகை தூக்கினால் போதும். ஆனால் ஒன்பதும் ஒருசேரப் பொருந்துவது அரிது. ஜெர்மனியின் பிளேசர் நிறுவனம் 1993ஆம் ஆண்டில், மான்லிஹரின் பழைய கனவான நேரிழுப்புத் தாழைப் புதிய வடிவில் கொணர்ந்தது. பூப்போல் விரியும் ஒரு வளையம் சுற்றிலும் பூட்டிக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய எண்ணம், எந்திர நுட்பம் வளர்ந்தபின் மறுபிறவி எடுத்தது.

அப்படியானால், துல்லியமான வேட்டைத் துப்பாக்கி வேண்டும் என்று வருபவருக்கு வினைஞர் எதனைத் தேர்ந்தெடுப்பார்? எந்தத் தாழாயினும் அவர் முதலில் செய்வது ஒன்றே. தாழின் முகமும், காதுகள் அமரும் பள்ளங்களும், குழல் திருகும் புரியும் ஒரே அச்சுக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒரு காது பூட்டியும் மற்றது மயிரிழை விலகியும் இருந்தால், வெடிக்கும்போது தாழ் ஒருபக்கம் சாயும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சாயும். அரைத்தும் கடைந்தும் அதனைச் செம்மை செய்வார். பின்னர் நல்ல குழல் ஒன்றைப் பொருத்தி, அது கட்டையில் எங்கும் உராயாமல் நிற்கும்படி இழைப்பார். பொறி அமரும் இடத்தில் பிசின் வார்த்து அசைவின்றிப் பதிப்பார். உண்மையைச் சொன்னால், துல்லியத்தில் பெரும்பங்கு குழலுக்கும் தோட்டாவுக்கும் உரியது. தாழின் வேலை அவற்றைக் கெடுக்காமல் இருப்பதே.

இங்கே ஓர் அளவையும் மனத்தில் கொள்ள வேண்டும். 100 கஜத்தில் எல்லாக் குண்டுகளும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் அது சிறந்த துப்பாக்கி என்பது இத்துறையினரின் வழக்கு. ஒரு மானின் உயிர்நிலையோ ஏறத்தாழ ஒரு சாண் அகலம். எனவே ஒன்றரை அங்குலம் சிதறும் துப்பாக்கியும் வேட்டைக்குப் போதும். அரை அங்குலத்துக்காக ஏங்குவது போட்டிக்காரனுக்கு அழகு. வேட்டைக்காரனுக்கு அது ஓரளவு ஆடம்பரமே. திறந்தவெளியில் நெடுந்தொலைவில் நிற்கும் மானுக்கு ரெமிங்டன் வழித் தாழ் ஏற்றது. புதரிலிருந்து பாயக்கூடிய எருமையோ சிங்கமோ எதிரே இருந்தால், மௌசர் வழிக் கொக்கியை நம்புவதே அறிவு. முதலாவதில் அஞ்சவேண்டியது குறி பிசகுதல். இரண்டாவதில் அஞ்சவேண்டியது பொறி அடைத்துக்கொள்ளுதல். 1898ஆம் ஆண்டில் வகுத்த கொக்கி இன்றும் புதுத் துப்பாக்கிகளில் இடம்பெறுவதற்குக் காரணம் பழமைப் பற்று அன்று. அது தீர்த்துவைத்த அச்சம் இன்னும் தீராத அச்சம்.

நம் நாட்டில் இந்தக் கதைக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அது நன்றே. அந்த மாற்றம் ஒரு வேட்டைக்காரரின் உள்ளத்தில் அதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. ரிக்பி துப்பாக்கியைப் பரிசாகப் பெற்ற கார்பெட்டே பிற்காலத்தில் படப்பெட்டியைக் கையில் எடுத்தார். புலிகளுக்காகப் பரிந்து பேசினார். 1936ஆம் ஆண்டில் அவர் துணையோடு அமைந்த வனப்பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

டிரைசேயிலிருந்து இன்றுவரை, இரு நூற்றாண்டை நெருங்கும் இந்த உழைப்பு கதவுத் தாழின் தத்துவத்தை விட்டு விலகவில்லை. தாழ் சரியாக விழ வேண்டும்; ஒவ்வொரு முறையும் அப்படியே விழ வேண்டும். ஆனால் எத்தனை செம்மையாகப் பூட்டிய தாழும், எப்போது சுடலாகாது என்பதை மனிதனுக்குச் சொல்லித் தராது. சம்பாவத்துப் புலியின் பல்லை ஒடித்தவர் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தது என்பதை வரலாறு குறித்துவைக்கவில்லை. உறுதியில்லாத குறியை நோக்கி அவர் விசையை இழுக்காமல் இருந்திருந்தால், அந்தத் துப்பாக்கியின் குறையும் நிறையும் ஒரு பொருட்டாக இருந்திரா.